வீடு குவிந்து கிடக்கிறது, எழுந்து செய்ய மனம் வரவில்லை: நான் சோம்பேறியா?

வியாசர்பாடியிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 34. மூன்றாம் வகுப்பு படிக்கும் மகனும் இரண்டரை வயது மகளும் இருக்கிறார்கள். கணவர் மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். பாரிமுனையில் கப்பல் சரக்கைக் கையாளும் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகள் கணக்கு எழுதிவந்த இவர், இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டார். குடியிருப்பது தரைத்தளத்தில், ஒரு ஹாலும் சமையலறையும் மட்டும் கொண்ட வாடகை வீடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதால், கைக்குக் கிடைத்ததையெல்லாம் பரணிலும் கட்டிலிலும் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். அவற்றில் பாதி இன்னும் கீழே இறங்கவில்லை. கட்டில் கால்களுக்கு அடியில் அன்று முட்டுக்கொடுத்த செங்கற்கள்கூட அப்படியே இருக்கின்றன. துவைத்த துணி கட்டிலில் குவிகிறது. இரவில் அதை அள்ளி நாற்காலியில் போட்டுவிட்டுப் படுக்கிறார்கள். காலையில் அது நாற்காலியிலிருந்து மறுபடியும் கட்டிலுக்கு வருகிறது.

"நம்ம வீட்டுக்கு மட்டும் ஏம்மா ஃப்ரெண்ட்ஸ கூப்பிட வேணாங்குற?" என்று மகன் கேட்டதையும், "இப்படியே போனா அண்ணிய கீழ்ப்பாக்கத்துலதான் சேக்கணும்" என்று நாத்தனார் சிரித்ததையும் இவரால் மறக்க முடியவில்லை. அடுக்கி வைப்பதற்காக வண்ணாரப்பேட்டையில் வாங்கிய மூன்று பிளாஸ்டிக் ரேக்குகளும் நிரம்பிவிட்டன. நான் சோம்பேறியா, இது பொருட்களைச் சேர்த்துவைக்கும் நோயா, மனம் வந்தால் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று காத்திருக்கிறேனே, அந்த மனம் எப்போது வரும், மருத்துவரிடம் போனால் பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்களா என்பவை இவருடைய கேள்விகள். கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது: "சில நாள் ராத்திரி, விடியாமலே போயிட்டா நல்லா இருக்கும்னு தோணுது."

அன்புள்ள சகோதரிக்கு,

வீட்டைப் பற்றி நான்கு பக்கம் எழுதிவிட்டு, உங்களைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ஒரு மனநல ஆலோசகராக நான் அந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். விடியாமல் போனால் நன்றாக இருக்கும் என்று தோன்றுவது, தாங்க முடியாத களைப்பிலும் மனச்சோர்விலும் பலருக்கும் வருகிற எண்ணம். அது வந்ததற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை, ஆனால் அதை மூடி வைக்கவும் கூடாது. இப்போது உங்களிடம் நேராகவே கேட்கிறேன். அந்த எண்ணம் அதோடு நிற்கிறதா, அல்லது உயிரை முடித்துக்கொள்ள வேண்டும் என்றோ, எப்படி என்றோ, பிள்ளைகளையும் சேர்த்து என்றோ எப்போதாவது நீண்டிருக்கிறதா? ஒரு முறை நீண்டிருந்தாலும், இந்தப் பதிலின் மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். இன்றைக்கே கணவரிடமோ உங்கள் அக்காவிடமோ சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், நேராக ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் டெலி மனாஸ் சேவை இரவு பகலாக இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் பேசலாம். எண்ணம் அந்த ஒரு வரியோடு நின்றிருக்கிறது என்றால், இந்த வாரத்துக்குள் ஒரு மருத்துவரைப் பாருங்கள். "வீட்டை ஒழுங்குபண்ணிட்டு அப்புறமா என்னைப் பார்த்துக்கலாம்" என்று நீங்கள் எழுதியிருக்கிற வரிசையைத்தான் நான் முதலில் மாற்றச் சொல்கிறேன்.

சோம்பல் என்ற தீர்ப்பு

கப்பல் சரக்கின் பில்களை ஒன்பது ஆண்டுகள் ஒரு தாள் தவறாமல் கோப்பில் வைத்தவர் நீங்கள். அடுக்கத் தெரியாதவருக்கு அந்த நாற்காலியில் ஒன்பது ஆண்டுகள் இடம் கிடைத்திருக்காது. சோம்பேறியாக இருப்பவர் வேலையைத் தள்ளிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார். நீங்களோ அந்த வேலையை நாள் முழுதும் மனத்தில் சுமந்துகொண்டு, செய்யவும் முடியாமல், செய்யாததற்காக உங்களையே திட்டிக்கொண்டு, இரவில் பளபளக்கும் வீடுகளின் வீடியோக்களைப் பார்த்து அழுதிருக்கிறீர்கள்.

கடிதத்தில் அங்கங்கே நீங்கள் சிதறவிட்டிருப்பவற்றை நான் ஓரிடத்தில் சேர்த்துப் பார்த்தேன். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து பிறகு தூக்கம் வருவதில்லை. சாப்பாட்டில் ருசி தெரிவதில்லை. முன்பு விரும்பிப் பார்த்த சீரியலில்கூட நாட்டமில்லை. மகனை அதட்டிவிட்டுக் குளியலறையில் போய் அழுகிறீர்கள். முடி கொட்டுகிறது, உடம்பு ஊதியிருக்கிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இவற்றில் முதல் நான்கும் இரண்டு வாரங்களுக்கு மேல், பெரும்பாலான நாட்களில் தொடர்ந்தால், அது மனச்சோர்வு நோயா என்று பார்த்தே ஆக வேண்டும். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கவனிக்காமல் விட்டால், குழந்தை நடந்து ஓடி விளையாடும் வயதிலும் அது தாயை விடாமல் பிடித்திருக்கக்கூடும். உங்களுக்கும் இது இரண்டாவது பிரசவத்தை ஒட்டித்தான் தொடங்கியிருக்கிறது. பின்னால் சொன்ன மூன்றும் தைராய்டு சுரப்புக் குறைவையும் ரத்தசோகையையும் சந்தேகிக்கச் சொல்கின்றன. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பது தெரியவந்தது. ரத்தம் குறைந்த உடம்பையும் தைராய்டு குறைந்த உடம்பையும் வைத்துக்கொண்டு, "எனக்கு மனசில்லை" என்று தன்னைத் தானே குற்றம் சாட்டிக்கொள்ளும் பெண்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். வருத்தமாக இருக்கிறது. ஆகவே ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை ஆகிய பரிசோதனைகளை முதலில் செய்துகொள்ளுங்கள். உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தே தொடங்கலாம்.

பொருட்களைச் சேர்த்துவைக்கும் நோய் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அந்த நோய் உள்ளவருக்குக் கிழிந்த உறையைத் தூக்கிப் போடுவதுகூடத் தாங்க முடியாத வேதனையாக இருக்கும். நீங்கள் எழுதியிருப்பது அதுவல்ல. "யாராவது வந்து எல்லாத்தையும் எடுத்துட்டுப் போனா சந்தோஷப்படுவேன்" என்கிறீர்கள். உங்களுக்குப் பொருளை விடுவதில் தயக்கமில்லை, கையை நீட்டத்தான் சக்தியில்லை. இன்னொன்று, மனச்சோர்வு முடிவெடுக்கும் திறனையும் கெடுக்கும். ஒரு துணிக் குவியலில் நூறு துணி இருந்தால், எது யாருடையது, சின்னதாகிவிட்டதா, யாருக்குக் கொடுப்பது, எங்கே வைப்பது என்று நூறு முடிவுகள் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மடிக்கிற வேலை மட்டும்தான் தெரியும்.

மருத்துவரிடம் போவது பற்றிய பயம்

கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரை வசைச் சொல்லாக்கிப் பேசுவது நம் நகரத்தின் பழைய கொடுமை. 1794இல் தொடங்கிய அங்குள்ள அரசு மனநல மருத்துவமனைக்கு இன்று வெளிநோயாளியாக வந்து, மருந்து வாங்கிக்கொண்டு, அன்றே வீடு திரும்பி வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். உங்களுக்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. பக்கத்தில் ஸ்டான்லியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. பேச நா எழாவிட்டால், எனக்கு எழுதிய கடிதத்தின் நகலை மருத்துவரிடம் நீட்டிவிடுங்கள், அந்தக் கடைசி வரியை மறைக்காமல்.

"பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்களா" என்ற உங்கள் அச்சத்துக்குச் சட்டத்தில் இருப்பதைச் சொல்கிறேன். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அரசு நடத்தும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவருடைய உரிமையாக்கியிருக்கிறது. 23ஆம் பிரிவின்படி உங்கள் நோயையும் சிகிச்சையையும் பற்றிய விவரங்கள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும். உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்கள் மட்டுமே இதற்கு விலக்கு. நாத்தனார் போய்க் கேட்டால் மருத்துவர் எடுத்துச் சொல்லிவிட முடியாது. மனநோய் இருப்பதாகக் கண்டறிவதை மட்டும் வைத்து ஒருவரைச் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ள முடியாது, அதை நீதிமன்றம்தான் அறிவிக்க முடியும் என்று அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்துகூட மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்கிறது 21ஆம் பிரிவு. இந்துக் குடும்பங்களுக்குப் பொருந்தும் 1956ஆம் ஆண்டு இளவர் மற்றும் காப்பாளர் சட்டமும், ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்கிறது. என்றாவது வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் பார்ப்பது குழந்தையின் நலனைத்தான். தாய் சிகிச்சை எடுத்துக்கொண்டு நலமாகி வருவது அவருக்குப் பாதகமல்ல. மறைத்து வைத்து முற்ற விடுவதுதான் ஆபத்து.

மருந்தைப் பற்றியும் ஒரு சொல். மனச்சோர்வுக்கான மாத்திரை எல்லாருக்கும் தேவைப்படுவதில்லை, ஆலோசனையே போதுமானவர்களும் உண்டு. மருத்துவர் எழுதிக்கொடுத்தால், பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரமாகும், ஆரம்பத்தில் வயிற்றுப் பிரட்டல் போன்றவை இருக்கலாம். நான்கு நாளில் "ஒன்றும் ஆகவில்லை" என்று விட்டுவிடாதீர்கள். நலமான பிறகும் நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள். மகளுக்கு இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் எங்கே கை வைப்பது

மனம் வந்த பிறகு வேலை என்று காத்திருக்கிறீர்கள். மனச்சோர்வில் அது தலைகீழாக நடக்கிறது: சிறிதளவு வேலை நடந்த பிறகுதான் மனம் மெல்லப் பின்னால் வருகிறது. அதனால் உங்களுக்குத் தேவை, மனமே இல்லாத நாளிலும் செய்து முடிக்கக்கூடிய அளவுக்குச் சிறிய வேலை. ஒரே நாளில் வீட்டைப் புரட்டிப் போடும் திட்டத்தைக் கைவிடுங்கள். பாதியில் களைத்துப் போனால், பரணில் இருந்ததும் சேர்ந்து தரைக்கு வந்துவிடும்.

கட்டிலில் தொடங்குங்கள். அது ஒன்றுதான் உங்கள் தூக்கத்தோடு சம்பந்தப்பட்டது. மகனைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்ததும், உட்காருவதற்கு முன், பத்து நிமிடம், செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டு. மணி அடித்ததும் நிறுத்திவிடுங்கள். அன்றைக்கு உற்சாகம் இருந்தாலும் நிறுத்துங்கள், மறுநாள் பயம் வராமல் இருக்க அது அவசியம். நால்வருக்கும் நாலு கட்டைப் பைகள் வைத்து, துணிகளை ஆளுக்குத் தகுந்தபடி அதில் போட்டுவிடுங்கள். உள்ளாடைகளையும் பிள்ளைகள் வீட்டில் போடுகிற துணிகளையும் மடிக்கவே வேண்டாம். மடிக்காத துணி பையில் இருப்பது குற்றமில்லை. அது கட்டிலில் இல்லை என்பது போதும். பள்ளிச் சீருடைக்கும் கணவரின் வேலைத் துணிக்கும் மட்டும் ஓர் ஆணியில் தனி இடம் ஒதுக்குங்கள்.

கட்டில் ஒரு வாரம் காலியாக நின்ற பிறகு, யோசிக்கவே தேவையில்லாத பொருட்களுக்குப் போங்கள்: பால் கவர், பார்சல் உறை, உடைந்த பொம்மை, மை தீர்ந்த பேனா. மறுநாள் குப்பை வண்டி வரும்போது போய்விட வேண்டும். பழைய நோட்டுகளும் அட்டைப் பெட்டிகளும் பேப்பர் கடைக்கு. முடிவெடுக்க வேண்டிய பொருட்களை, அதாவது மகள் போட்டுச் சின்னதான சட்டைகளையும் உங்கள் அலுவலகக் காலத்துப் புடவைகளையும், உடல்நலம் தேறும் வரை தொடாதீர்கள். தனியாகச் செய்ய முடியாத நாளில் அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டு, அவர் பேசிக்கொண்டிருக்க நீங்கள் கையை ஓட்டுங்கள். கூட ஒரு குரல் இருந்தால் பலருக்கு வேலை நகர்கிறது.

நீங்கள் பார்க்கும் வீடியோக்களில், ஓராண்டாகப் பயன்படுத்தாததைத் தூக்கிப் போடு என்கிறார்கள். மறுபடியும் வாங்கிக்கொள்ளும் வசதி உள்ளவருக்கு அது சரி. வெள்ளத்தில் மெத்தையும் மிக்சியும் இழந்து மறுபடி ஒவ்வொன்றாகச் சேர்த்த வீட்டில், பொருளை விடத் தயங்குவது அனுபவம் சொல்லிக்கொடுத்த எச்சரிக்கை. தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத தெருவில், மூன்று டிரம்மும் பத்துக் குடமும் குப்பையல்ல. மூடி போட்டு, கொசு முட்டையிடாமல் வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவினால் போதும். செங்கல் மேல் நிற்கும் கட்டிலும் அப்படியே நிற்கட்டும். சான்றிதழ்கள், ரேஷன் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை ஒரே நெகிழிப் பையில் கட்டிப் பரணின் முன்பக்கத்தில் வைத்துவிட்டால், மழைக்காலத்தில் தூக்க வேண்டியது ஒரே பை என்ற தைரியம் வரும். மற்றவற்றைக் கீழே இறக்க அந்த தைரியம் தேவை. இனி ரேக்கோ பெட்டியோ வாங்க வேண்டாம்.

பரணில் பாதியை அடைத்திருக்கும் மாமியாரின் பித்தளைப் பாத்திரங்கள் பற்றி எழுதியிருந்தீர்கள். அவை உங்கள் பொறுப்பல்ல. "அத்தை, இது உங்க பொருள், நான் எதையும் கொடுக்கவும் மாட்டேன், விற்கவும் மாட்டேன். நீங்களே ஒரு நாள் வந்து, எது வேணும்னு எடுத்து வெச்சுட்டுப் போங்க" என்று சொல்லலாம். வராவிட்டால் இருக்கட்டும், அதற்காக மனம் கசந்து சண்டை போடுமளவுக்கு இப்போது உங்களிடம் தெம்பு இல்லை.

எதுவுமே முடியாத நாட்களும் வரும். அன்றைக்குக் குடிக்கத் தண்ணீர், பிள்ளைகளுக்குச் சாப்பாடு, குப்பைக் கூடை வெளியே. இந்த மூன்றும் நடந்தால் அன்றைய வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கணவரும் பிள்ளைகளும்

"அவர் பாவம், ஷிஃப்ட் முடிச்சு வர்றார், வீடு என் வேலைதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் களைத்து வருவது உண்மை. ஆனால் உங்களுக்கு ஷிஃப்ட் முடிவதே இல்லை. 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவது தெரிந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேராது, அது தனிக் கணக்கு. மற்ற பெண்களெல்லாம் சமாளிக்கிறார்களே என்று நீங்கள் நினைப்பது, அவர்களும் உங்களைப் போலவே கதவைப் பாதி சாத்திக்கொண்டு வாசலில் நின்று பேசுவதால்தான்.

கணவரிடம் பேசுவதற்கு, அவர் இரவு ஷிஃப்ட் முடித்து வரும் காலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வார விடுமுறையில், பிள்ளைகள் தூங்கிய பிறகு பேசுங்கள். வீட்டைப் பற்றிய குறையில் ஆரம்பிக்காமல் உடம்பிலிருந்து ஆரம்பியுங்கள். "என்னங்க, ரொம்ப நாளா எனக்கு உடம்பும் மனசும் சரியில்ல. ராத்திரி பயமான எண்ணமெல்லாம் வருது. ஆஸ்பத்திரிக்குப் போகணும், நீங்க கூட வரணும்." பிறகு இரண்டு வேலைகளை முழுவதுமாக அவரிடம் ஒப்படையுங்கள்: தண்ணீர் பிடித்து வைப்பது, குப்பையை வெளியே கொண்டுபோவது. முழுவதும் என்றால், நினைவுபடுத்துகிற வேலையும் அவருடையதே. அவர் செய்கிற விதம் உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும், திரும்ப நீங்கள் செய்யாதீர்கள். தன் தங்கை வீட்டுக்கு வந்து உங்களைப் பேசும்போது பதில் சொல்ல வேண்டியதும் அவர்தான். அதையும் அன்றே கேட்டுவிடுங்கள்.

மகனுக்கு எட்டு வயதாகிறது. புத்தகப் பையை ஒரே மூலையில் வைப்பதும், தன் துணியைத் தன் பையில் போடுவதும் அவனால் முடியும். நண்பர்களைப் பற்றி அவன் மறுபடி கேட்டால், "அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, டாக்டரப் பாக்குறேன், கொஞ்ச நாள் போகட்டும்" என்று உண்மையையே சொல்லுங்கள். வீட்டைப் பற்றி அவனுக்குள் ஒரு வெட்கம் வளர்வதைவிட அது நல்லது. மகளுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டதால், பக்கத்து அங்கன்வாடியில் சேர்க்கலாம். அந்த நேரத்தில் முதல் சில நாட்கள் எந்த வேலையும் செய்யாமல் தூங்குங்கள். வெறும் தூக்கமின்மையால் எவ்வளவு, நோயால் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அது மருத்துவருக்கும் உதவும்.

பரிசோதனை முடிவுகள் வந்து, சிகிச்சை தொடங்கி ஆறு வாரம் ஆன பிறகும் விழிப்பும் அழுகையும் அப்படியே இருந்தால், சிகிச்சை பலிக்கவில்லை என்று வீட்டில் உட்கார்ந்துவிடாமல் அதே மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள். அளவை மாற்றலாம், மருந்தை மாற்றலாம், ஆலோசனை அமர்வுகளைச் சேர்க்கலாம். இதற்கிடையில் எந்த இரவிலாவது அந்த எண்ணம் வலுத்தால், விடியும் வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்புங்கள், அவர் வேலைக்குப் போயிருந்தால் 14416ஐ அழையுங்கள்.